கூறை, துகில், படுகளம்: கொங்கின் இடைக்கால இலக்கியமும் ஆங்கில மொழிபெயர்ப்பும்

திருப்பூருக்கு வடக்கே, சேலம்–கொச்சி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது பெருமாநல்லூர். இந்த ஊரை நடுவாக வைத்துச் சுற்றிலும் பார்த்தால் இடைக்காலத் தமிழ் இலக்கியத்தின் நான்கு வடிவங்கள் அக்கம்பக்கத்து ஊர்களிலேயே கிடைக்கும். மேற்கே உள்ள அவிநாசியும் திருமுருகன்பூண்டியும் சுந்தரர் பதிகம் பெற்ற தலங்கள். கிழக்கே உள்ள விசயமங்கலத்தை, பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊர் என்று மரபு சொல்கிறது. அதற்கு அருகிலுள்ள நிரம்பை, சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லாரின் ஊர். தெற்கே காங்கேயம் பகுதியில் உடுக்கையடித்துப் பாடப்படுவது அண்ணன்மார் கதை. பதிகம், காப்பியம், உரைநடை, வாய்மொழிக் கதைப்பாட்டு என்ற நான்கும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்த நான்கும் ஏதோ ஓர் அளவில் ஆங்கிலத்துக்குச் சென்றிருக்கின்றன. ஆங்கில வழியில் படித்துத் தமிழ்ச் செய்யுளை நேரடியாகப் படிக்கத் தயங்கும் கொங்குப் பிள்ளைகளும், வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த தமிழர்களும், தமிழகக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் பயிலும்போது மொழிபெயர்ப்பில் இந்திய இலக்கியத்தைச் சந்திக்கும் மாணவர்களும் தம் ஊரின் பழைய நூல்களை அந்த வழியாகவே முதலில் அறிகிறார்கள். அது குறைவான வழி அல்ல. ஆனால் எது ஆங்கிலத்தில் முழுதாகச் சென்று சேர்கிறது, எது வழியிலேயே நின்றுவிடுகிறது என்று தெரிந்துகொண்டு படிக்க வேண்டியிருக்கிறது. கதையும் கருத்தும் பெரும்பாலும் சேதமின்றிச் சேர்கின்றன. ஊரோடும் தொழிலோடும் சடங்கோடும் ஒட்டிக்கொண்ட சொற்கள்தான் முதலில் நழுவுகின்றன. அந்தச் சொற்களில்தான் ஒரு வட்டாரத்தின் இலக்கியம் தன் ஊரின் அடையாளத்தை வைத்திருக்கிறது.

வேல்ஸ் தரும் முன்னுதாரணம்

இடைக்கால இலக்கியத்தை மொழிபெயர்ப்பு வழியே பயில்வதில் நெடிய அனுபவம் உள்ள நாடு வேல்ஸ். வெல்ஷ் மொழியின் இடைக்கால உரைநடைக் கதைகள் பெரும்பாலும் இரண்டு கையெழுத்துத் தொகுதிகளில் காக்கப்பட்டுள்ளன. 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த ரிதெர்க் வெண்ணூல் ஒன்று. அந்நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதப்பட்ட ஹெர்கெஸ்ட் செந்நூல் மற்றொன்று. சார்லட் கெஸ்ட் சீமாட்டி இக்கதைகளை 1838 முதல் பகுதி பகுதியாக ஆங்கிலத்தில் வெளியிட்டு, 1849-இல் மூன்று தொகுதிகளாக நிறைவுசெய்தார். ‘மபினோகியன்’ என்று இன்று உலகம் அறியும் பெயரைப் பரப்பியவரும் அவரே. கையெழுத்துப் பிரதியில் எழுதியவர் கைப்பிழையாகச் சேர்த்த ஒரு பன்மை வடிவம் அது. மொழிபெயர்ப்பின் வழியாக அந்தப் பிழையே நூலின் பெயராக நிலைத்துவிட்டது. விக்டோரியா காலத்து நாகரிகத்துக்கு ஒவ்வாத பாலியல் செய்திகளைக் கெஸ்ட் விட்டுவிட்டார். விடுபட்ட இடங்கள் பின்வந்த மொழிபெயர்ப்புகளில்தான் மீண்டும் தலைகாட்டின.

ஆங்கிலக் கவிஞர் மாத்யூ ஆர்னால்டு 1865, 1866 ஆண்டுகளில் ஆக்ஸ்போர்டில் கெல்திக் இலக்கியம் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை 1867-இல் நூலாயின. வெல்ஷ் மொழி அறியாத அவருக்கு மொழிபெயர்ப்புகளே துணை. அச்சொற்பொழிவுகள் எழுப்பிய ஆர்வத்தால் 1877-இல் ஆக்ஸ்போர்டின் ஜீசஸ் கல்லூரியில் கெல்திக் மொழிப் பேராசிரியர் பதவி ஏற்பட்டது. அதே சொற்பொழிவுகள், கெல்திக் மக்கள் உணர்ச்சியும் ஏக்கமும் மிக்கவர்கள், நடைமுறைக்கு ஒத்துவராதவர்கள் என்ற சித்திரத்தையும் நிலைநிறுத்தின. மூலத்தின் இறுக்கமான யாப்பொழுங்கையும் சொற்கட்டையும் மொழிபெயர்ப்பில் காண முடியாமல் போனதும் அந்தச் சித்திரத்துக்கு ஒரு காரணம். மொழிபெயர்ப்பு வழியே பயில்வதன் பயனும் ஆபத்தும் இந்த ஒரே நிகழ்விலேயே விளங்கிவிடுகின்றன.

தமிழிலும் ஏறத்தாழ இதுவே நடந்தது. ஜி. யு. போப்பின் திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886-இலும் திருவாசக மொழிபெயர்ப்பு 1900-இலும் வந்தன. ஏ. கே. ராமானுஜனின் குறுந்தொகைத் தேர்வு 1967-இல் வெளிவந்த பிறகு, சங்கப் பாடல் உலகக் கவிதை வாசகர்களின் கைக்குச் சென்றது. ஆங்கிலத்தில் தமிழ் என்றால் சுருக்கமான அகப்பாட்டும் உருக்கமான பக்திப்பாட்டும்தான் என்ற எண்ணம் அதனோடு சேர்ந்து வளர்ந்தது. நீண்ட காப்பியத்துக்கும் உரையாசிரியரின் உரைநடைக்கும் ஊர்க்கதைக்கும் அதில் இடம் குறைந்தது. கொங்கின் நான்கு படைப்பு வகைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது அந்த இடைவெளி தெளிவாகத் தெரிகிறது.

பூண்டியில் பறிபோன கூறை

சுந்தரரின் தேவாரம் ஏழாம் திருமுறை. அதை முழுவதுமாக டேவிட் ஷுல்மன் ஆங்கிலத்தில் பெயர்த்து 1990-இல் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு இந்திரா பீட்டர்சன், சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரின் பாடல்களிலிருந்தும் தேர்ந்த ஒரு தொகுப்பைத் தந்தார். ஷுல்மனின் நூல் தலைப்பு சுந்தரரின் ‘வன்தொண்டர்’ என்ற பெயரின் ஆங்கில வடிவம். திருமண நாளில் ஓலை காட்டி வழக்காட முதியவர் வடிவில் வந்த சிவனைச் சுந்தரர் பித்தன் என்று ஏசினார். வன்மையாகப் பேசியதால் வன்தொண்டன் ஆனார். ஆங்கிலச் சொல்லில் அந்தக் கடுமை இருக்கிறது. கடுமையாகப் பேசும் உரிமையை ஆண்டவனே கொடுத்தான் என்ற நெருக்கம் குறிப்பில் மட்டுமே கிடைக்கிறது.

ஏழாம் திருமுறையின் 49-ஆம் பதிகம் திருமுருகன்பூண்டிக்கு உரியது. சேரமான் பெருமாளிடம் பொன்னும் பொருளும் பெற்றுத் திரும்பிய சுந்தரரை இவ்வூர் வழியில் வேடர்கள் மறித்துப் பறித்துக்கொண்டார்கள் என்றும், அந்த வேடர்கள் இறைவன் அனுப்பிய பூதகணங்கள் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. சேரநாட்டுக்கும் சோழநாட்டுக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சென்ற பழைய வணிகப் பாதைகள் கொங்கை ஊடறுத்தே சென்றன. நொய்யல் கரைக் கொடுமணலில் அகழாய்வு செய்தவர்கள் கண்டெடுத்த கல்மணிகளும் இரும்புத் தொழில் தடயங்களும் அந்தப் பாதைகளின் பழமைக்குச் சான்று. வழிப்பறி இந்த நிலத்தில் கற்பனைச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

பதிகத்தின் முதற்பாட்டை உற்றுப் பார்த்தால் மொழிபெயர்ப்பாளரின் பாடு விளங்கும். நான்கு அடிகளின் முதற்சொற்கள் கொடுகு, திடுகு, முடுகு, இடுகு. எதுகை இரண்டாம் எழுத்தோடு நில்லாமல் மூன்றாம் எழுத்து வரை ஒத்து ஓடுகிறது. கல்லில் உளி விழுவதுபோல அந்த ஒலி அடிதோறும் விழுகிறது. திடுகு, மொட்டு என்பவை வேடர்கள் அதட்டும் ஒலிகள். அகராதிப் பொருள் தேடினால் அச்சுறுத்தும் குறிப்பு என்பதற்குமேல் கிடைக்காது. ஆங்கிலத்தில் அதட்டினார்கள் என்ற செய்தி வரும். அதட்டல் காதில் விழாது.

அடுத்து ‘ஆறலைத்தல்’ என்ற சொல். ஆறு என்றால் வழி. வழிச்செல்வோரை அலைக்கழித்துப் பறிப்பது ஆறலைத்தல். சங்க இலக்கியத்துப் பாலைத் திணையில் திரும்பத் திரும்ப வருபவர்கள் ஆறலை கள்வர்கள். சுந்தரர் அந்தச் சொல்லைத் தொட்டதும், பிரிவும் வெம்மையும் நிறைந்த பாலையின் முழு மரபும் பூண்டிக்குள் வந்துவிடுகிறது. பதிகத்துக்கு அமைந்த பண் பழம்பஞ்சுரம். சுரம் என்ற சொல் பாலை வழியையும் குறிக்கும் என்பதை அறிந்த காதுக்கு இந்த இணைப்பு தானாகவே ஒலிக்கும். வழிப்பறி என்று பொருள்தரும் ஆங்கிலச் சொல் செய்தியைச் சொல்லும், திணையைச் சொல்லாது.

மூன்றாவது சொல் ‘கூறை’. வேடர்கள் குத்திப் பறித்துக்கொள்வது கூறையை. ஆங்கிலத்தில் அது பொதுவாகத் துணி அல்லது உடை என்றே ஆகும். பொருளில் தவறில்லை. ஆனால் கொங்குநாட்டில் கூறை இன்றும் வழங்கும் சொல். கல்யாணத்தில் மணப்பெண் உடுத்தும் முகூர்த்தச் சேலை கூறைச்சேலை. கூறை எடுக்கப் போவது குடும்பமே சேர்ந்து செய்யும் காரியம். பனியன் கம்பெனிகள் நிறைந்த வட்டாரத்தில் துணி என்பது ஏற்றுமதிச் சரக்கின் பொதுப்பெயர். கூறை என்பது மானத்தோடும் மங்கலத்தோடும் சேர்ந்த தனிப்பெயர். சுந்தரர் இழந்தது வெறும் சரக்கு அல்ல என்பதை, இந்த ஊர்க்காரர் விளக்கம் இல்லாமலே உணர்ந்துகொள்வார்.

பாட்டுகளின் ஈற்றில் இறைவனை நோக்கி ஒரு கேள்வி மீண்டும் மீண்டும் வருகிறது: இத்தகைய இடத்தில் எதற்காக நீர் தங்கியிருக்கிறீர்? கேள்வியில் கோபம் இருக்கிறது. வினைமுடிவில் மரியாதைப் பன்மை இருக்கிறது. ஆங்கிலத்தின் முன்னிலைச் சொல் ஒன்றே ஒன்று என்பதால் மரியாதை அங்கே மறைந்து, கோபம் மட்டும் எஞ்சுகிறது. ‘ஏனுங்க’ என்று தொடங்கித்தான் சண்டையும் போடும் கொங்குப் பேச்சில் வளர்ந்தவருக்கு, மரியாதை குறையாமல் உரிமையோடு கடிந்துகொள்ளும் இந்தத் தொனி வீட்டுப் பேச்சாகவே கேட்கும்.

அவிநாசிப் பதிகம் வேறொரு சிக்கலைக் காட்டுகிறது. முதலை உண்ட பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டார் என்பது ஊரறிந்த கதை. அவிநாசிக் கோயில் குளக்கரையில் அந்தக் கதை இன்றும் நினைக்கப்படுகிறது. 92-ஆம் பதிகத்தில் முதலைச் செய்தி ஒரே ஒரு பாட்டில், ஒரு வேண்டுகோளாக மட்டும் வருகிறது. பிள்ளை யார், எப்போது இறந்தான், எதிர்வீட்டில் பூணூல் கல்யாணம் நடந்தபோது இந்த வீட்டில் அழுகை ஏன் எழுந்தது என்பவை எல்லாம் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்பவை. பதிகத்தின் மொழிபெயர்ப்பை மட்டும் கையில் வைத்திருப்பவர் அந்த அடியைத் தாண்டிப் போய்விடுவார். அலஸ்டர் மெக்கிளாஷன் 2006-இல் வெளியிட்ட பெரியபுராண மொழிபெயர்ப்பையோ டி. என். இராமச்சந்திரனின் மொழிபெயர்ப்பையோ பக்கத்தில் வைத்தால்தான் பதிகம் திறக்கும். தமிழில் கேட்டு வளர்ந்தவருக்கு இரண்டும் ஒரே நினைவு. மொழிபெயர்ப்பில் அவை இரண்டு நூல்கள்.

ஒலி சார்ந்த இழப்பில் வெல்ஷ் கவிதை தமிழுக்கு நெருங்கிய உறவு. 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் டாவித் அப் குவிலிமின் பாடல்களில் ‘கங்ஹானெத்’ என்னும் ஒலியொழுங்கு பெருமளவு பயில்கிறது. அதன் ஒரு வகையில், அடியின் முற்பாதியில் வரும் மெய்யொலிகள் அதே வரிசையில் பிற்பாதியிலும் திரும்ப வரவேண்டும். ஜோசப் கிளான்சி 1965-இல் செய்த மொழிபெயர்ப்பு அசையெண்ணிக்கையைக் காத்து ஒலியொழுங்கை விட்டது. ரேச்சல் பிராம்விச் 1982-இல் வெல்ஷ் மூலத்தை எதிர்ப்பக்கத்தில் அச்சிட்டுப் பொருளைத் தெளிவாகத் தந்தார். ஒருவர் கட்டை எடுத்துக்கொண்டார். மற்றவர் கருத்தை எடுத்துக்கொண்டார். இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு மூலத்தின் உருவம் ஓரளவு கிடைக்கிறது.

தானே மொழிபெயர்ப்பான காப்பியம்

விசயமங்கலத்துக் கொங்குவேளிரின் பெருங்கதை, மொழிபெயர்ப்பைத் தாழ்வாக எண்ணுவோருக்கு நல்ல மறுமொழி. அதன் மூலம் குணாட்டியர் பைசாச மொழியில் இயற்றியதாகச் சொல்லப்படும் பிருகத்கதை. அந்த மூலம் இன்று இல்லை. கங்க மன்னன் துர்விநீதன் அதைச் சமஸ்கிருதத்தில் ஆக்கினான் என்று கங்கர் செப்பேடு குறிப்பிடுகிறது. அந்த நூலும் இல்லை. கொங்குவேளிர் அதைப் பின்பற்றினார் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. காஷ்மீரத்துச் சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் எழுதிய கதாசரித்சாகரம், நேபாளத்தில் கிடைத்த சுலோக சங்கிரகம், கொங்கில் எழுந்த பெருங்கதை ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் மூலக்கதை எப்படி இருந்திருக்கும் என்று இன்று ஊகிக்கிறார்கள். மூலம் அழிந்து மொழிபெயர்ப்பு வாழ்கிறது.

கொங்குவேளிரின் மொழிபெயர்ப்பு முறையும் கவனிக்கத்தக்கது. அவர் வடசொற்களை அப்படியே இறக்கவில்லை. கதைத்தலைவன் உதயணனின் வீணை கோஷவதி தமிழில் ‘கோடபதி’ ஆகிறது. பெண் யானை பத்ரவதி ‘பத்திராபதி’ ஆகிறது. அமைச்சன் யௌகந்தராயணன் ‘யூகி’ ஆகிறான். சூழ்ச்சித் திறனுக்குப் பேர்போன அமைச்சனுக்கு யூகம் என்ற சொல்லோடு ஒலிக்கும் பெயர் அமைந்தது பொருத்தமே. எந்திர யானையைக் காட்டி உதயணனைச் சிறைபிடிப்பதும், மதங்கொண்ட நளகிரி என்ற யானையை அவன் இசையால் அடக்குவதும், இளவரசி வாசவதத்தையோடு யானைமேல் தப்புவதும் ஆசிரியப்பாவின் நீண்ட ஓட்டத்தில் சொல்லப்படுகின்றன. காதல் தமிழ் அகமரபின் இலக்கணத்துக்குள் வந்து அமர்கிறது. சமண அறம் கதைக்கு அடியில் நீரோட்டமாக இருக்கிறது.

உ. வே. சாமிநாதையர் 1924-இல் இதைப் பதிப்பித்தபோது ஏட்டில் முதலும் இல்லை, முடிவும் இல்லை. கிடைத்தவரை அச்சில் ஏற்றினார். ஆங்கிலத்தில் இதன் இருப்பு பெரும்பாலும் ஆய்வு வழியாகவே. இரா. விஜயலட்சுமி 1981-இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு, உதயணன் கதையின் வடிவங்களில் தமிழ் வடிவத்துக்குரிய மதிப்பை எடுத்துக்காட்டியது. ஆனால் ஆங்கில வாசகர் உதயணனை அறிவது பெரும்பாலும் சி. எச். டானி 1880-களில் பெயர்த்த கதாசரித்சாகரத்தின் வழியாகவோ பாசனின் நாடகங்கள் வழியாகவோதான். அந்த வழியில் வருபவர் யூகியைச் சந்திப்பதில்லை; கோடபதியின் நரம்பொலியையும் கேட்பதில்லை. எந்த மொழிபெயர்ப்பு பரவலாகக் கிடைக்கிறதோ அந்த வடிவமே கதை என்றாகிவிடுகிறது.

முப்பத்தாறு துகில்கள்

இடைக்காலத் தமிழ் உரைநடை முதன்மையாக உரையாசிரியர்களின் நடை. அதில் ஒன்று ஆங்கிலத்தில் முழுமையாக உண்டு. முச்சங்க வரலாற்றைச் சொல்லும் இறையனார் களவியல் உரையை டேவிட் பக், கு. பரமசிவம் இருவரும் பெயர்த்து 1997-இல் வெளியிட்டார்கள். ‘களவு’ என்ற இலக்கணச் சொல்லுக்குத் திருடப்பட்ட காதல் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை அவர்கள் தேர்ந்தார்கள். எதுகையும் மோனையும் விரவிய அந்த உரைநடையின் ஓட்டத்தை வேற்றுமொழியில் காட்ட எடுத்த முயற்சி, தமிழ் உரைநடை 19-ஆம் நூற்றாண்டில்தான் பிறந்தது என்ற எண்ணத்தை ஆங்கில வாசகரிடம் மாற்றக்கூடியது.

நிரம்பை அடியார்க்குநல்லார் பொப்பண்ண காங்கெயர்கோன் என்ற கொங்குத் தலைவரின் ஆதரவில் சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதினார். அவ்வுரை முழுதும் கிடைக்கவில்லை. கிடைத்த பகுதியை 1892-இல் சாமிநாதையர் அரும்பதவுரையோடு சேர்த்துப் பதிப்பித்தார். சிலப்பதிகாரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்புகளான வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதரின் 1939-ஆம் ஆண்டு நூலும், அலென் தானியேலுவின் 1965-ஆம் ஆண்டு நூலும், ஆர். பார்த்தசாரதியின் 1993-ஆம் ஆண்டு நூலும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. தீட்சிதர் அறிஞர்களுக்கான உரைநடையில் அடிக்குறிப்புகளோடு எழுதினார். தானியேலு நாவலைப் போல் ஓட விட்டார். பார்த்தசாரதி கவிதையாகவே தந்தார். அரங்கேற்று காதையின் இசை, கூத்துச் செய்திகளை எடுத்துக்கொண்டால், உரையாசிரியர் இல்லாமல் எந்த மொழிபெயர்ப்பாளரும் ஓரடி நகர முடியாது. அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல், உயரம் ஒரு கோல் என்று காப்பியம் அளவு சொல்கிறது. கோல் என்பது இருபத்துநான்கு விரல் அளவு. இதை அடிக்கணக்காக மாற்றினால் ஆங்கில வாசகருக்கு அளவு விளங்கும். மூங்கில் வெட்டி விரலால் அளந்த கை மறைந்துவிடும்.

உரையின் தொடரமைப்பிலும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. ‘என்க’ என்று முடிவது ஆசிரியர் கட்டளை. ‘என்றவாறு’ என்பது கருத்தைத் தொகுத்து நிறுத்தும் இடம். ‘எனினுமாம்’ என்பது இன்னொரு பொருளுக்கும் கதவு திறந்து வைப்பது. மாணாக்கர் எதிரே அமர்ந்திருக்க ஆசிரியர் பேசும் வகுப்பறை இந்தச் சிறு முடிவுகளில் தெரிகிறது. மொழிபெயர்ப்பில் இவை பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள்ளோ அடிக்குறிப்பிலோ ஒதுங்கிவிடுகின்றன.

திருப்பூர் வட்டாரத்தார் நின்று படிக்க வேண்டிய இடம் ஊர்காண் காதையின் உரை. மதுரைக் காட்சியில் துகில் என்ற சொல் வந்ததும், துகிலின் வகைகள் முப்பத்தாறு என்று அடியார்க்குநல்லார் பட்டியல் தருகிறார். கோசிகம், பீதகம், அரத்தம், சித்திரக்கம்மி, பரியட்டக்காசு, நூல்யாப்பு, தேவாங்கு, பொன்னெழுத்து, குச்சரி, தேவகிரி, வெண்பொத்தி, செம்பொத்தி எனப் பெயர்கள் தொடர்கின்றன. சில பெயர்கள் நிறத்தைச் சொல்கின்றன. சில நெசவைச் சொல்கின்றன. தேவகிரி ஓர் ஊரின் பெயர். குச்சரி கூர்ச்சர நாட்டை நினைவூட்டுகிறது. தொலைதூரத்துத் துணி தமிழ்நாட்டுக் கடைத்தெருவுக்கு வந்த காலத்தின் சுவடு அந்தப் பெயர்களில் உள்ளது.

இந்த முப்பத்தாறையும் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? மொழிபெயர்ப்பாளர் பலவகைத் துணிகள் என்று சுருக்கலாம். அல்லது பெயர்களை ஒலிபெயர்த்து வரிசையாக அடுக்கலாம். முதல் வழியில் பட்டியல் தொலைகிறது. இரண்டாம் வழியில் பட்டியல் இருக்கிறது, துணி தொலைகிறது. பெருமாநல்லூர்ப் பக்கத்து நிட்டிங் யூனிட்டில் வேலை செய்பவருக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. சிங்கிள் ஜெர்சி, இன்டர்லாக், ரிப், ஃபிளீஸ் என்ற சொற்களை அங்கே யாரும் மொழிபெயர்ப்பதில்லை. துணியைக் கையில் தொட்டு, மடிப்பை இழுத்து, வளையம் எப்படிப் பின்னியிருக்கிறது என்று பார்த்தால்தான் பெயர் பொருள் தருகிறது. தொழிற்சொல்லுக்கு அகராதி கைதான். அடியார்க்குநல்லாரின் பட்டியலுக்கும் அத்தகைய கைகள் ஒரு காலத்தில் இருந்தன. அவை போன பிறகு, தமிழிலேயே படிப்பவருக்கும் பல பெயர்கள் மொழிபெயர்க்கப்படாத சொற்களாக நிற்கின்றன. பழைய நூல் என்று வரும்போது தாய்மொழி வாசகரும் ஓரளவு மொழிபெயர்ப்பு வாசகரே.

தம் உரைக்குத் துணைநின்ற பழைய இசை, நாடக நூல்களையும் அடியார்க்குநல்லார் பெயர் சொல்லிக் குறித்தார். அவற்றுள் பஞ்சமரபு நெடுங்காலம் மறைந்துபோனதாகவே கருதப்பட்டது. கொங்குநாட்டுப் புலவர் வே. இரா. தெய்வசிகாமணிக் கவுண்டர் அதைச் சுவடியில் கண்டெடுத்து 1970-களில் வெளியிட்டார். உரையாசிரியர் ஒரு பெயரை விடாமல் எழுதி வைத்ததால்தான், கிடைத்த சுவடி எது என்று பின்னால் அடையாளம் காண முடிந்தது.

உடுக்கையும் ஒலிநாடாவும்

பொன்னர், சங்கர், அவர்கள் தங்கை அருக்காணி ஆகிய மூவரின் அண்ணன்மார் கதை நெடுங்காலம் பாடகர் நாவிலேயே வாழ்ந்தது. கவிஞர் சக்திக்கனல் இதன் கதைப்பாட்டு வடிவத்தை 1971-இல் பதிப்பித்தார். கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களின் நடுவில் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தபோது, பல இரவுகள் நீண்ட ஓர் உடுக்கடிப் பாட்டை ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1982-இல் இக்கதையைப் பற்றிய அவருடைய ஆய்வு நூல் வந்தது. 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் தமிழ் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து வெளியிட்டது. பின்னர் தமிழிலும் ஆங்கிலத்திலும் அசைபடத் தொடராகவும் அக்கதையை அவர் உருவாக்கினார்.

கதை ஆங்கிலத்தில் நன்றாகவே சேர்கிறது. அண்ணன்மாரின் தந்தை குன்னுடையான் பட்ட துன்பமும், தாய் தாமரை பிள்ளைவரம் வேண்டிச் செய்த தவமும், கொம்பன் என்ற பன்றியை வேட்டையாடியதும், அண்ணன்மார் மாண்டதும், தங்கை அவர்களைத் தேடிச் சென்றதும் எந்த மொழியிலும் மனதைப் பிடிக்கும். பாட்டும் வசனமும் மாறிமாறி வரும் முறையை அச்சில் காட்டவும் முடிகிறது. உடுக்கையின் தாளம் மாறும்போது கதையின் வேகம் மாறுவதைத்தான் அச்சு காட்டாது.

இங்கும் ஒரு சொல் நின்றுவிடுகிறது: ‘படுகளம்’. போர்க்களம் என்ற பொருளில் ஆங்கிலச் சொல் உண்டு. கொங்கில் படுகளம் என்பது அண்ணன்மார் கோயில்களில் நடக்கும் சடங்கும்கூட. அண்ணன்மார் மாண்ட கட்டம் வரும்போது அருள் வந்தவர்கள் மாண்டவர்போல் விழுகிறார்கள். தீர்த்தம் தெளித்து எழுப்பப்படுகிறார்கள். கதையில் தங்கை செய்வதைக் களத்தில் ஊர் செய்கிறது. படுதல் என்ற வினையில் விழுவதும் சாவதும் ஒன்றாக இருப்பதால், ஒரே சொல் கதையையும் சடங்கையும் தாங்குகிறது. மொழிபெயர்ப்பில் அது இரண்டாகப் பிரிகிறது: கதை ஒரு புத்தகத்துக்கும் சடங்கு வேறொரு மானிடவியல் நூலுக்கும் போகிறது.

வெல்ஷ் கதைகளிலும் இதே கேள்வி எழுந்தது. ஷோனெட் டேவிஸ் 2007-இல் மபினோகியனைப் புதிதாக மொழிபெயர்த்தபோது, அவை உரக்கப் படிக்கப்பட்ட கதைகள் என்பதை அடிப்படையாகக் கொண்டார். திரும்பத் திரும்ப வரும் வாய்பாடுகளையும் பேச்சின் ஓசையையும் ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படிக்கும்படி அமைத்தார். கெஸ்டின் நூல் வந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரே இந்தத் திருப்பம் வந்தது. அண்ணன்மார் கதைக்கு முதல் மொழிபெயர்ப்பே ஒலிநாடாவிலிருந்து பிறந்தது. அந்த வகையில் கொங்கின் வாய்மொழிக் கதைக்கு வெல்ஷ் கதைகளுக்குக் கிடைக்காத பேறு கிடைத்திருக்கிறது.

பயிலும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து, மொழிபெயர்ப்பின் வழியே பயில்வோர் கைக்கொள்ளத்தக்க சில நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒரே நூலுக்குக் குறைந்தது இரண்டு மொழிபெயர்ப்புகளைச் சேர்த்துப் படிப்பது. தீட்சிதரும் பார்த்தசாரதியும் எங்கே வேறுபடுகிறார்களோ அங்கேதான் மூலத்தில் கடினமான சொல் ஒளிந்திருக்கும். இரண்டாவது, மொழிபெயர்ப்பாளர் எதைக் காக்க முடிவுசெய்தார் என்று முன்னுரையில் தேடுவது. ஒலியையா, பொருளையா, ஓட்டத்தையா என்று தெரிந்தால் இழப்பையும் கணக்கிடலாம். மூன்றாவது, பதிகமானால் அதன் புராணத்தையும், காப்பியமானால் அதன் உரையையும், கதைப்பாட்டானால் அதன் சடங்கையும் சேர்த்துப் படிப்பது. நான்காவது, கூறை, ஆறலைத்தல், கோடபதி, எனினுமாம், படுகளம் போன்ற சொற்களுக்குத் தனிப் பட்டியல் வைத்துக்கொள்வது. தமிழ் எழுத்து தெரியாதவரும் இத்தகைய ஐம்பது சொற்களை மூலவடிவில் கற்றுக்கொள்ள முடியும்.

ஐந்தாவது நெறி கேட்பது. ஓதுவார் பழம்பஞ்சுரத்தில் பூண்டிப் பதிகத்தைப் பாடக் கேட்டவருக்கு, எந்த ஆங்கில வடிவத்தைப் படித்தாலும் அந்த ஒலி பின்னணியில் நிற்கும்.

இவற்றை ஒரே இடத்தில் தரும் முயற்சிகளும் உண்டு. 2007-இல் வேல்ஸ் அறிஞர்கள் டாவித் அப் குவிலிமின் பாடல்களை மூலம், கையெழுத்துப் படிகள், ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவற்றோடு மின்பதிப்பாக வெளியிட்டார்கள். அதே 2007-இல் புதுச்சேரியில் தேவார மின்பதிப்பு வந்தது. பிரெஞ்சு நிறுவனத்தில் பணியாற்றிய வி. எம். சுப்பிரமணிய ஐயர் சொல்லுக்குச் சொல் நெருக்கமாகச் செய்துவைத்திருந்த முழு ஆங்கில மொழிபெயர்ப்பு, மூலம், சொல்லடைவு, தலங்களின் வரைபடம், பாடல் ஒலிப்பதிவு ஆகியவை அதில் சேர்ந்தன. ழான்-லுக் செவியார், எஸ். ஏ. எஸ். சர்மா இருவரும் அதைப் பதிப்பித்தார்கள். அவிநாசிப் பதிகமும் பூண்டிப் பதிகமும் அந்த ஏற்பாட்டின் பயனைப் பெற்றுவிட்டன.

கொங்கின் மற்ற மூன்றும் அந்த நிலையை எட்ட வேண்டும். அண்ணன்மார் கதைக்கு மூலம், மொழிபெயர்ப்பு, ஒலிநாடா மூன்றும் இருக்கின்றன. அவை ஒருங்கே வாசகர் கைக்கு வருவதே எஞ்சிய வேலை. பெருங்கதைக்கு வேண்டியது யூகியையும் கோடபதியையும் பெயர் மாறாமல் ஆங்கில வாசகர் முன் நிறுத்தும் பரவலான மொழிபெயர்ப்பு. அடியார்க்குநல்லார் உரைக்கு மொழிபெயர்ப்பாளர் மட்டும் போதாது. துகில் பட்டியலின் பக்கத்தில் நெசவும் பின்னலும் அறிந்தவர் அமர்ந்து, எந்தப் பெயர் நூலைக் குறிக்கும், எது சாயத்தைக் குறிக்கும், எது மடிப்பைக் குறிக்கும் என்று தம் தொழிலறிவைக் கொண்டு ஆராய வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நிரம்பையைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்றும் தறியிலும் நிட்டிங் மெஷினிலும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.